ஒரு சொட்டுத் தண்ணீர் புகாத பை

எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன்தான் ரொம்ப நாள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பான். நான் அந்த ரகம். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் தலையாட்டியவன் (அது நல்லபடியாகவே முடிந்தது, கல்யாணி இதைப் படிக்கக்கூடும்), ஒரு சைக்கிளின் பின்னால் மாட்டும் பைக்காக ஒரு கோடையின் பாதியைத் தின்று தீர்த்தேன்.

சாதாரண சைக்கிள் இல்லை, பேட்டரி சைக்கிள். தொண்ணூறுகளின் கடைசியில் ஏதோ ஒரு கம்பெனி அதைச் செய்து, என்னைப் போன்ற சிலர் தலையில் கட்டிவிட்டுக் காணாமல் போனது. பார்ப்பதற்குச் சாது. மெலிந்த உடம்பு. சீட்டுக்குக் கீழே டிபன் கேரியர் போல ஒரு பேட்டரி, பின் சக்கரத்தில் தனக்குத்தானே முனகிக்கொள்ளும் மோட்டார். மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஆபீசுக்கு அது போதும். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் மட்டும் அதற்கு மூச்சு வாங்கும். நான் பெடல் மிதித்து அதைக் கரை சேர்ப்பேன். யார் யாரைச் சுமந்தோம் என்பது பாலத்தின் உச்சியில் அவ்வளவு தெளிவாக இருக்காது.

அதற்குப் பின்னால் கேரியர் கிடையாது. அங்கேதான் ஆரம்பித்தது.

தி. நகரில் ஒரு சைக்கிள் கடையையும் விடவில்லை. இரும்புக் கேரியர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "அலுமினியம் போடுங்க சார், பேப்பர் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். இரண்டு விரலால் தூக்கினேன். வந்தது. என் மெலிந்த வண்டிக்கு மெலிந்த கேரியர்தானே பொருத்தம் என்று மனம் கரைந்தது. சுமை தூக்குவதற்காக வாங்கும் பொருளை அதன் எடைக்குறைவுக்காக வாங்கினேன். (படித்தவன்தான். எம்.ஏ. வரைக்கும்.)

அப்புறம் பை. பால்காரர்கள் தொங்கவிடும் சாக்குப்பை கண்ணுக்கு லட்சணமாக இல்லை. காக்கிக் கித்தான் பையை மாட்டினால் தெருவில் எல்லோரும் மணியார்டர் கேட்பார்கள். கல்யாணி கம்பிக்கூடை என்றாள்.

"ரெண்டு பக்கமும் ரெண்டு கூடை. விலையும் கம்மி, காத்தும் போகும்."

"மழை பெய்தால்?"

"சித்திரையிலயா?"

"எப்பவாவது பெய்யுமில்லையா?"

"அப்போ நனையட்டும். உங்க தயிர் சாதத்துக்கு ஜலதோஷம் பிடிச்சுடுமா என்ன?"

நான் லஸ் பக்கத்தில் ஆட்டோ சீட் தைக்கும் ஒரு கடைக்குப் போனேன். கறுப்பு ரெக்ஸின், உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, தையல் மேலெல்லாம் பசை, மூடிக்குப் பெல்ட்டும் பக்கிளும். ஒரு சொட்டுத் தண்ணீர் புகக்கூடாது என்று தினமும் போய்ச் சொல்லி அந்த மனிதரின் பிராணனை வாங்கினேன். பைகள் வந்ததும் உள்ளே செய்தித்தாளை வைத்துப் பூட்டி, குளியலறையில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன். செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே புக முடியாத தண்ணீர் வெளியேயும் போக முடியாது என்று அவருக்கும் தோன்றவில்லை.

நாலு வீடு தள்ளி இருந்த பெரியப்பாவிடமும் காட்டினேன். ரிட்டையரான ஆடிட்டர். மூக்குக்கண்ணாடியை இறக்கி, பைகளைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல என்னடா எடுத்துண்டு போகப் போறே?"

அந்தக் கேள்வி மட்டும் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு பெரியப்பா போய்விட்டார். கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. கூடத்தில் அவரைக் கிடத்தியபோது மின்விசிறியும் நின்றது. கரண்ட் போய்விட்டது. ஒரே பிள்ளை ரகு லண்டனிலிருந்து போனில் அழுதான். மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். "நான் வர வரைக்கும் வெச்சிருங்கோ. அப்பா மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

பெரியம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விசிறியால் பெரியப்பாவின் முகத்துக்கு வீசிக்கொண்டே இருந்தாள். யார் என்ன கேட்டாலும், "ரகு வரட்டும்" என்பதுதான் பதில்.

அப்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டி சுலபத்தில் கிடைக்காது. ஐஸ் பார்தான். பக்கத்து டிப்போவில் விசாரித்தால், முகூர்த்த நாளாம், இருந்த பாரெல்லாம் விடிவதற்குள் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டதாம். அன்றைக்குப் பார்த்து ஆட்டோ ஸ்டிரைக் வேறு. வீட்டுப் பெரியவராகிவிட்ட சித்தப்பா எல்லார் முகத்தையும் பார்த்துச் சொன்னார்: "மத்தியானத்துக்குள்ள ஐஸ் வரலேன்னா இன்னிக்கே எடுத்துட வேண்டியதுதான். இந்த வெயில்ல தாங்காது."

விசிறி ஒரு கணம் நின்று, மறுபடி அசைந்தது.

"என் வண்டியில் பை இருக்கிறது" என்றேன். துக்க வீட்டில் பெருமைப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் குரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிந்தாதிரிப்பேட்டையில் எப்போதும் ஐஸ் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஏன் கிடைக்கும் என்று நான் யோசிக்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு மூக்கு சொன்னது. மீன் மார்க்கெட்.

"புது பாரு சாயங்காலந்தான் நைனா வரும்" என்றார் ஐஸ் கடைக்காரர். "மீன் பொட்டில கொட்டி எடுத்தது கீது. வேணுமா?"

பக்கத்தில் வஞ்சிரம் வைத்திருந்த அம்மாள் என் நெற்றியைப் பார்த்தாள். "எந்தக் கடைக்கு சாமி?"

"கடைக்கு இல்லைம்மா. வீட்டில் பெரியப்பா தவறிட்டார்."

"ஐயோ பாவமே. கவுச்சி அடிக்குமே. உங்க ஊட்ல ஒத்துக்குவாங்களா?"

"கழுவிக்கிறோம்."

"ஐஸையா?" என்றாள். சிரிப்பு வந்ததை, சாவு வீட்டு ஆள் என்பதற்காக முந்தானைக்குள் போட்டு அமுக்கினாள்.

கடைக்காரர் என் பைகளைத் தடவிப் பார்த்தார். "சோக்கா கீது நைனா. எங்க தச்ச?"

லஸ் என்றேன். விலாசமும் சொன்னேன். பெரியப்பா கூடத்தில் கிடக்கிறார், நான் மீன் மார்க்கெட்டில் நின்று ரெக்ஸின் பையின் உள்விரிப்பை விளக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பையும் பிதுங்கப் பிதுங்க ஐஸ் கொட்டி, பெல்ட்டை இறுக்கிக் கிளம்பினேன்.

மவுண்ட் ரோடு தாண்டும்வரை வண்டி போயிற்று. தலைக்கு நேர் மேலே வெயில். கறுப்பு ரெக்ஸின் அதை ஒரு துளி விடாமல் குடித்தது. கொஞ்ச தூரத்தில் முதுகுக்குப் பின்னால் சளக், சளக் என்று ஒரு சத்தம். ஐஸ் உருகினால் பாரம் குறையும் என்பது என் கணக்கு. ஆனால் உருகியது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்து இடமும் வலமுமாக ஆடியது. கட்டியாக இருந்தபோது சும்மா இருந்த சுமை, தண்ணீரானதும் உயிர் வந்து, என்னை ஒருமுறை பஸ் பக்கமும் ஒருமுறை சாக்கடைப் பக்கமும் தள்ளியது.

ராயப்பேட்டையில் பேட்டரி கண்ணை மூடியது. பெடலை மிதித்தேன். அலுமினியக் கேரியர் மெல்ல, ரொம்பப் பணிவாக, பின்பக்கம் வளைந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. தண்ணீரையாவது கொட்டலாம் என்றால், வளைந்த கம்பிக்கும் பையின் மூடிக்கும் நடுவில் பக்கிள்கள் மாட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. இறங்கித் தள்ளினேன். வியர்வையா கண்ணீரா என்று எனக்கே தெரியாத ஏதோ ஒன்று சட்டைக்குள் ஓடியது. எதிரே ஒரு கல்யாண வண்டி நாதஸ்வரத்தோடு போனது. உலகத்தின் ஐஸெல்லாம் அங்கே ரோஸ் மில்க்கில் மிதந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது பின்னால் இரண்டு பூனைகள் வந்தன. வீட்டு வாசலில் நாலு ஆகிவிட்டன.

"ஐஸ் எங்கேடா?" என்றார் சித்தப்பா.

பெல்ட்டைக் கத்தியால் அறுத்து மூடியைத் திறந்தேன். இரண்டு பையிலும் விளிம்புவரை லேசாகச் சிவந்த தண்ணீர். அதில் தேங்காய்ச் சில்லு மாதிரி கொஞ்சம் ஐஸ். வெயிலில் மினுங்கிக்கொண்டு ஒரு மீன் செதில். சொன்னபடியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை.

சாஸ்திரிகள் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா என்னைத் திட்டக்கூட இல்லை. "ஆக வேண்டியதப் பாருங்கோ. இன்னிக்கே எடுத்துடலாம்" என்று உள்ளே திரும்பினார். மூங்கில் கொண்டுவர ஆள் கிளம்பினான். நான் பூனைகளோடு வாசலில் நின்றேன். ரகுவின் விமானம் எந்தக் கடலுக்கு மேலே இருக்கும் என்று தோன்றியது. அவன் பார்க்க வேண்டிய ஒரு முகத்தை, ஒரு பைக்கு ஆசைப்பட்டுத் தெருவெல்லாம் உருக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அது ஜில்லுனு இருக்கா?"

பெரியம்மா. வாசல்படிவரை எழுந்து வந்திருந்தாள்.

"இருக்கு பெரியம்மா. ஆனா..."

"கொண்டு வா. வேஷ்டிய நனைச்சுப் போடு."

"மன்னி, அது மீன் ஜலம்" என்றார் சித்தப்பா.

"காவேரி ஜலம் உங்களுக்குக் கெடைச்சுதா?" என்றாள் பெரியம்மா. "ரகு வரட்டும்."

அவருடைய எட்டு முழ வேஷ்டிகளை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மாற்றி மாற்றிப் போர்த்தினோம். கல்யாணி வாசலில் விளக்குமாற்றோடு நின்று பூனைகளைத் துரத்தினாள். மாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய பார்களை, உமியும் சாக்குமாக, சித்தப்பா மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல, சுத்தமான, பாயச மணம்கூட உள்ள ஐஸ். ஆனால் அதற்குள் பெரியப்பா மேல் என்னுடைய வாசனை ஊறிவிட்டிருந்தது. சாம்பிராணி போட்டார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். மூன்றும் சேர்ந்து வேறொன்றாயிற்று.

மறுநாள் காலை ரகு வந்தான். பையைக் கீழே போட்டுவிட்டு, அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, நெற்றியோடு நெற்றி வைத்து அழுதான். கூடமே அழுதது. அவன் நிமிர்ந்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் திகைத்து, மெதுவாகக் கேட்டான்:

"அம்மா, அப்பா மேல ஏன் மீன் வாசனை வர்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பெரியம்மா விசிறியை மடியில் வைத்தாள். "ஏன்டா, இன்னிக்குத்தான் புதுசா வர்றதா? மாசா மாசம் விசாகப்பட்டினத்துக்கு ஆடிட்டுன்னு போயிட்டு வருவாரே, இந்த வாசனையோடதான் ஆத்துக்குள்ள நுழைவார். நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல."

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தில் எதையோ தீவிரமாகத் தேடினார். முதலில் சிரித்தது பெரியம்மாதான். தோள் குலுங்கச் சிரித்து, சிரிப்பு எந்த இடத்தில் முடிந்தது என்று தெரியாமலே, முந்தின நாள் காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. ரகு அவளைக் கட்டிக்கொண்டான்.

அப்புறம் வருஷா வருஷம் பெரியப்பாவின் திவசத்தன்று, சாஸ்திரிகள் தெருமுனை தாண்டியதும், அதற்கென்றே லண்டனிலிருந்து வந்திருக்கும் ரகு ஆரம்பிப்பான். "வடை, அதிரசம், எல்லாம் ஆச்சு. அப்பாவுக்குப் பிடிச்சதுதான் ஒண்ணும் பண்ணலே."

பெரியம்மா இருந்தவரை பதிலை அவள்தான் சொல்வாள். இப்போது கல்யாணி சொல்கிறாள், இலை எடுக்கக் குனிந்தபடியே, என் பக்கம் திரும்பாமல்:

"அதுக்கென்ன, இவரை அனுப்பு. வாசனை மட்டும் சிந்தாம கொண்டுவருவார்."