எண்பதாயிரம் பங்களாவும் என் உள்ளங்கை வியர்வையும்

பயம் வந்தால் சிலருக்குக் கால் நடுங்கும். சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு விலை இறங்கிவிடும். இன்றைக்கும் பழைய பேப்பர்க்காரர் தெருவில் குரல் கொடுத்தால், என் மனைவி முதலில் என்னை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் பேப்பர்க் கட்டை வெளியே எடுப்பாள்.

இந்த வியாதி வெளிப்பட்டது அறுபதுகளின் கடைசியில். தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆபீசர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே பணமும் வந்தது. பென்னாகரம் ரோட்டை ஒட்டி ஒரு புதுக் குடியிருப்பு முளைத்தது. வக்கீல், டாக்டர், மண்டிக்காரர்கள் என்று வசதியானவர்கள் போர்ட்டிகோ வைத்து, மொசைக் போட்டு பங்களா கட்டினார்கள். நாய் இல்லாத வீட்டிலும் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அவர் வீடு எவ்வளவு போகும் என்பது தெரிந்திருந்தது. ஒரு வீடு நல்ல விலைக்குப் போனால், மற்ற வீட்டுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அன்று சாயங்காலம் பணக்காரர்களாகிவிடுவார்கள்.

அதில் ஒரு பங்களா என் பெரியப்பாவுடையது. ரோடு காண்டிராக்டராக இருந்தபோது கட்டியது. பச்சை மொசைக், வளைவு மாடிப்படி, குளிக்கப் பீங்கான் தொட்டி. (அந்தத் தொட்டியில் யாரும் குளித்ததில்லை. பெரியம்மா அதில் புளி கொட்டி வைத்திருந்தார்.) பிறகு காண்டிராக்ட் நின்றுபோனது. மகள் கமலாவுக்கு சேலத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. அதியமான்கோட்டை மாந்தோப்பைத் தொட மாட்டேன் என்று பெரியப்பா பிடிவாதமாக இருந்ததால், கல்யாணத்துக்குப் பங்களாவை விற்பது தவிர வேறு வழியில்லை.

“எண்பதாயிரம்டா மாது. அதுல கொறஞ்சா கல்யாணத்த மறந்துட வேண்டியதுதான்” என்றார் பெரியப்பா என்னிடம்.

விற்கிற பொறுப்பை நான்தான் வலியப் போய் வாங்கினேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பி.யூ.சி. என்னைக் கைவிட்டிருந்தது. என் தாய்மாமன் மாட்டுத் தரகர். அவரோடு அரூர்ப் பக்கத்துச் சந்தைகளில் ஒரு வருடம் சாணியை மிதித்துத் திரிந்த அனுபவம் இருந்தது. காளைக்குப் பல் பார்ப்பார்கள், பங்களாவுக்கு ஜன்னல் பார்ப்பார்கள், மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரஹீம் பாய் வீடு பார்க்க வந்தார். பெரிய புளி மண்டிக்காரர், நிதானமான மனிதர். மொசைக்கைத் தடவிப் பார்த்தார். மாடிப்படியில் ஏறி இறங்கினார். குளியல் தொட்டி முன் நின்று, “நல்ல சரக்குங்க” என்று புளியைப் பாராட்டினார். பெரியம்மா முகம் மலர்ந்தது. எண்பதாயிரம் பாதி வழி வந்துவிட்டது போல எனக்கும் தெம்பு வந்தது.

கூடத்துக்குத் திரும்பினால் சோபாவில் பக்கத்து வீட்டு வக்கீல். பேப்பர் இரவல் வாங்க வந்தாராம். எதிர்வீட்டு டாக்டரம்மா உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு வந்திருந்தார். பேப்பர் கொடுத்தாயிற்று, உறைமோரும் ஊற்றியாயிற்று. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பெரியப்பா என் காதில் கிசுகிசுத்தார். “வெல வெளிய தெரியக்கூடாதுடா. படியாமப் போச்சுன்னா, அந்த வெலைக்கும் போவாத வூடுன்னு ஊரெல்லாம் சொல்லிடுவாங்க.”

எனக்குள் இருந்த மாட்டுத் தரகன் விழித்துக்கொண்டான். சந்தையில் நாலு பேர் சூழ்ந்து நிற்கும்போது விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கைமேலும் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துச் சொல்வார்கள். கை முழுவதையும் அழுத்தினால் ஐந்து. அதற்குப் பின் எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

“பாய், துண்டு போட்டுக்கலாங்களா?” என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். “வூட்டுக்கா தம்பி? சரி, போடுங்க. ஒரு வெரலு பத்தாயிரம்னு வெச்சுக்கலாம்.”

இரவல் டெரிலின் சட்டைமேல் போட்டிருந்த துண்டை உருவி எங்கள் கைகளை மூடினேன். பேப்பர் வக்கீலின் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. டாக்டரம்மா மோர்க் கிண்ணத்தோடு ஒரு இருக்கை முன்னேறினார். கதவிடுக்கில் கமலாவின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த நொடியில் என் உள்ளங்கையில் ஊற்றுத் திறந்துகொண்டது.

எட்டு சொல்ல வேண்டும். முழுக் கை, பிறகு மூன்று விரல். நான் முழுக் கையை அழுத்தினேன். அழுத்தியதாகத்தான் நினைத்தேன். உண்மையில் அது, தண்ணீரில் விழுந்தவன் கிடைத்ததைப் பற்றிக்கொள்வது போல இருந்திருக்கிறது. பையன் பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டான் என்று பாய் இரக்கப்பட்டுச் சும்மா இருந்திருக்கிறார். அதன் பிறகு பிடித்த மூன்று விரல்தான் அவருக்கு விலையாகப் போய்ச் சேர்ந்தது.

அவர் புருவம் நெற்றியின் பாதிக்குப் போனது. “என்ன தம்பி, இந்த வெலையா?”

போச்சு, எண்பது அதிகம் என்று நினைக்கிறார்! கமலாவின் கல்யாணப் பந்தல் என் கண்முன்னே சரிந்தது. யாரையும் கேட்காமல் பத்தாயிரத்தைக் குறைத்தேன். மறுபடியும் முழுக் கை, இந்த முறை இரண்டு விரல். மறுபடியும் அந்த முழுக் கை வெறும் நடுக்கமாகவே போய்ச் சேர்ந்தது.

பாய் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டார்.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. வூட்டுல என்ன கோளாறு?”

வக்கீல் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய்!”

“யாராச்சும் செத்துக்கித்துப் போனாங்களா?”

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பயந்தவனுக்கு உண்மை முழுசாக ஞாபகம் வந்து தொலைக்கும்.

“யாரும் சாகலீங்க. போன வருசம் கெணத்துல ஒண்ணு செத்து மெதந்துச்சு. ஆனா அது பூனைதாங்க.”

“பூனைய யாரு கேட்டாங்க?” என்றார் டாக்டரம்மா.

வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு வந்தால் விடுவாரா? “அப்ப இந்த வீட்ல பேய் நடமாட்டம் எதுவும் கிடையாதுன்னு உறுதியா சொல்றியா?”

“இல்லவே இல்லீங்க சார். அப்படியே இருந்தாலும் ரொம்ப நாளைக்குத் தங்காதுங்க.”

கதவிடுக்கில் இருந்த கண் மூடிக்கொண்டது.

பாய் எழுந்தார். போர்ட்டிகோவில் பெரியப்பாவைத் தனியே கூப்பிட்டு நான் பிடித்த விலையைக் காதில் சொன்னார். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டார்.

“எண்பதுங்க பாய்! எண்பது! அந்தக் கூறுகெட்டவன் கைய நம்பாதீங்க!”

“மொதல்லயே எண்பதுன்னு சொல்லியிருந்தா யோசிச்சு ஒரு பதில் சொல்லியிருப்பேனுங்க. பங்களா இருபதாயிரத்துக்கு எறங்குச்சு, பேய பத்தியும் பேச்சு வந்துச்சுன்னா, எங்க வூட்டுப் பொம்பளைங்க இதுக்குள்ள கால் வெப்பாங்களா? நீங்களே சொல்லுங்க” என்று வருத்தத்தோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் செய்தி குடியிருப்பு முழுக்கப் போனது. மறுநாள் என் பூனைக்கு மல்லிகைப்பூவும் கொலுசும் வந்துவிட்டன. அதற்குப் பின் வீடு பார்க்க வந்தவர்கள் மாடிக்குப் போகவில்லை, நேராகக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வக்கீல் வாசலில் நின்று, “உன்னால என் வீட்டு வெலையும் எறங்கிடுச்சுடா, பாவி!” என்று கத்தினார். (பேயை முதலில் கூடத்துக்குள் அழைத்து வந்தவர் அவர்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.)

பெரியப்பா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மொசைக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கமலா வந்து, “ண்ணே, எனக்கு இந்தக் கல்யாணம் நிக்கறதுகூடப் பெருசில்ல. பூனைக்காக நின்னுபோச்சுன்னு சொல்லுவாங்களே, அதான்” என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடைசியில் செய்தி சேலத்துக்கும் போனது. மாப்பிள்ளையின் அப்பா ஆள்விட்டு விசாரித்தார். “பேயா? எங்க பையன் அந்த வூட்ல தனியாவே இருக்கறான், வேணும்னா வந்து பாக்கச் சொல்லுங்க” என்று பெரியப்பா பதில் அனுப்பினார். அந்தப் பையன் நான்தான் என்பதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். குடும்பம் மொத்தமும் அதியமான்கோட்டையில் இருந்த ஓட்டு வீட்டுக்குப் போய்விட்டது. பேய் இல்லை என்பதற்குச் சாட்சியாக நான் பங்களாவில் விடப்பட்டேன்.

அந்தப் பேய் என் வாயிலிருந்து வந்தது என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் அதற்கு மிக அதிகமாகப் பயந்தவனும் நான்தான். தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. சம்பந்தி வந்து கதவைத் தட்டியபோது, சிவந்த கண்ணும் பரட்டைத் தலையுமாக நான் போய்த் திறந்தேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த வூட்ல பேயிருந்தா இவனே மொதல்ல ஓடியிருப்பானே!” என்றார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் பங்களா விற்காததால், அதியமான்கோட்டை மாந்தோப்பை விற்று நடத்தினார்கள். பெரியப்பா வைத்து வளர்த்த மரங்கள். அதற்குப் பின் பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் முகத்தை மறு ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

பங்களாவை வாங்க யாரும் வரவில்லை. நானும் அதைவிட்டு வெளியே வரவில்லை. சாட்சி போனால் பேய் திரும்பிவிடும் என்று பெரியப்பா விடவில்லை. வாடகை இல்லாத வீட்டிலேயே எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்தார்கள்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இந்த வூட்ல முன்ன ஏதோ இருந்துச்சாமே?” என்று கேட்டிருக்கிறார்.

என் மனைவி காபித் தட்டை நீட்டியபடியே சொன்னது அறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“இப்பவும் இருக்குதுங்க. உள்ள சட்ட மாத்திக்கிட்டு இருக்குது, இதோ வந்துரும்.”