காற்று சரியில்லை

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதம் நான் ஒரு சபதம் செய்தேன். பொழுது சாயும் நேரத்தில், தன்னந்தனியாக, நடுவில் எங்கும் நிற்காமல் முகத்துவாரம் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போய் என்ன செய்வேன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒன்றும் செய்ய மாட்டேன். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கிற இடத்தில் காலை நீட்டி உட்காருவேன். சும்மா உட்காருவது என் நெடுநாள் லட்சியம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு சக்கரம், ஆனால் ஜீப் இல்லை. கைப்பிடியும் ஸீட்டும் மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். டயர் நாலும் உப்பிக்கொண்டு நிற்கும். துபாய்க்காரர்கள் மணல்மேட்டில் பந்தயம் ஓட்டுகிற வண்டி. என் மச்சான் வடிவேலு அங்கே வேலை பார்த்த வீட்டில் பழசாகிப்போனதைக் கேட்டு வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தான். பழவேற்காட்டுக் கரையில் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, ஏரியைத் தாண்டி எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். குப்பமே கரையில் நின்று பார்த்தது. காகிதத்தில் மட்டும் அவன் அக்கா பெயர் இருந்தது. அதாவது என் மனைவி தேவகி. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பாய்மரப் படகுக்காரன். இருபது வருஷம் ஏரியில் ஆளும் சரக்கும் ஏற்றியவன். இப்போது படகு கரையேறிவிட்டது, அண்ணன் வலையில் பங்கு ஆளாகப் போகிறேன். ஆனாலும் காற்றைப் பற்றி என்னிடம்தான் வந்து கேட்பார்கள். வீட்டிலும் அந்த மரியாதை இருந்தது. தேவகியின் அம்மா நாகம்மாள் தெற்கே காட்டுப்பள்ளியில் தனியாக இருக்கிறாள். முழங்கால் வலி, மணலில் நடக்க முடியாது. பஸ் ஏறினால் வாந்தி. "அம்மாவைப் படகுல இட்டுக்கினு வாய்யா" என்று தேவகி கேட்கும்போதெல்லாம் நான் வாசலில் போய் நின்று, விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்து, "காத்து சரியில்ல மே" என்று சொல்லிவிடுவேன். பன்னிரண்டு வருஷத்தில் காற்று ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை.

வண்டி வந்த மறுநாளே வேலையில் இறங்கினேன். பரணில் கிடந்த படகுப் பாயை எடுத்து, உப்புக்காற்று படாமல் இருக்க வண்டிக்குப் போர்வை தைக்க ஆரம்பித்தேன்.

"பாயைக் கிழிக்காதய்யா. நாளைக்கு வேணும்னா இன்னா பண்ணுவே?"

"இனிமே பாய் எதுக்கு? இன்ஜின் வந்துட்ச்சு."

"சரி, கிழி," என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வடக்கே, முகத்துவாரத்தைப் பார்த்துக் கிளப்பினேன். கோடையில் எங்கள் பக்கம் தெற்குக் காற்றுதான், மத்தியானத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு வீசும். நான் வடக்கே போகிறேன், காற்று பின்னால் வருகிறது. பாய் விரித்தவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வேகம் கொஞ்சம் ஏறியதும் ஓர் அதிசயம் நடந்தது. காற்றே நின்றுவிட்டது. கரையில் சவுக்கு மரமெல்லாம் வளைந்து ஆடுகிறது, என் தோளில் கிடந்த துண்டு மட்டும் அசையவில்லை. அலைச் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. வானம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. நான் செத்துச் சொர்க்கத்துக்குப் போகிறேனோ என்றுகூட நினைத்தேன். அப்படி ஓர் அமைதி. உண்மையாகவே கண் கலங்கியது.

சவுக்குத் தோப்பு தாண்டியதும் தொடைக்குக் கீழே சுட்டது. புகை வந்தது. வண்டி நின்றது.

மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம். பழவேற்காட்டில் படகு இன்ஜின் பார்க்கிற அந்தோணிசாமியை அழைத்து வந்தேன். அவர் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஆயில் கொதிக்குது சிங்காரம். மணல்ல இழுக்கறப்போ சூடு தாங்கல. ஆயில் கூலர்னு ஒண்ணு தனியா விக்கறான். உன் மச்சானுக்கு எழுது."

எழுதினேன். ஆனி மாதம் ஆயில் கூலர் வந்தது. புத்தகம் அளவு அலுமினியச் சட்டம், உள்ளே மெல்லிய தகடு தகடாக அடுக்கியிருந்தது. எண்ணெய் போக ஒரு குழாய், வர ஒரு குழாய். இன்ஜினில் கொதிக்கிற எண்ணெய் இதற்குள் போய், தகட்டில் காற்று பட்டு, ஆறித் திரும்பும். கூடவே ஒரு படமும் இருந்தது. படத்தில் அதை வண்டிக்கு முன்னால், விளக்குக்குக் கீழே மாட்டியிருந்தான்.

"துபாய்ல காத்து முன்னாலருந்து வருதுபோல," என்றேன். "நம்ம ஊர்ல பின்னாலருந்து வருது. பின்னால மாட்டுங்க."

அந்தோணிசாமி தலையைச் சொறிந்தார். "படத்துல முன்னாலதானே கீது?"

"அந்தோணி, இன்ஜின் உங்க சமாச்சாரம். காத்து என் சமாச்சாரம்."

அவர் ஸ்பானரை எடுத்தார். பழைய எண்ணெயை வடித்தார். ஃபில்டர் மூடியைக் கழற்றி, இரண்டு வாய் வைத்த புது மூடியைப் பூட்டினார். பின்னால் எட்டாததால் குழாயை நீளமாக வாங்கி வந்து கிளிப் போட்டு முறுக்கினார். அதிர்வு தாங்க என் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வாஷர் வைத்தோம். புது எண்ணெய் ஊற்றி ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, குறைந்ததற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கூலர் தெற்கே பார்த்து ஜம்மென்று உட்கார்ந்தது. தேவகி கருவாடு திருப்பிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கிளப்பினேன். அதே அமைதி, அதே சொர்க்கம், அசையாத அதே துண்டு. அதே சவுக்குத் தோப்பு. அதே புகை.

மணலில் உட்கார்ந்திருந்தேன். தலையில் கூடையோடு தேவகி வந்தாள்.

"நின்னுடுச்சா?"

"ஆறிக்கினு கீது."

"நீ போறப்போ பாத்துக்கினேதான் இருந்தேன். உன் துண்டு ஏன்யா தொங்கிக்கினு இருந்துச்சு?"

"அதுதான் மே எனக்கும் புரியல. அப்பிடி ஒரு அமைதி."

"அமைதி இல்லய்யா அது. காத்து எந்த வேகத்துல போவுதோ நீயும் அந்த வேகத்துலதான் போறே. ரெண்டு பேரும் ஒண்ணா ஓடினா யாரு மேல யாரு வீசறது? துண்டு மேலயே படாத காத்து அந்தத் தகட்டு மேல எப்பிடிய்யா படும்?"

நான் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். இருபது வருஷம் பின்காற்றில் பாய் விரித்தவன். பின்காற்று தள்ளும் என்று தெரியும். சூட்டை ஆற்றாது என்று யாரும் சொன்னதில்லை.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"மாட்டறப்போவே தெரியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"காத்து உன் சமாச்சாரம்னு சொன்னியே."

மறுநாள் அந்தோணிசாமி கூலரைக் கழற்றிப் படத்தில் உள்ளபடி முன்னால் மாட்டினார். வேலை முடிகிற வரைக்கும் விசில் அடித்தார். இப்போது தெற்கே போனால், எதிர்காற்று தகட்டில் நேராக அடித்து, வண்டி குளுகுளுவென்று ஓடியது. பின்னால் இரண்டு கருவாட்டுக் கூடை கட்டினாலும் மூச்சு வாங்கவில்லை. வடக்கே போனால் தோப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. தெற்கே இருப்பது காட்டுப்பள்ளி. வடக்கே இருப்பது முகத்துவாரம்.

அன்று சோறு போடும்போது தேவகி பேச்சை எடுத்தாள்.

"ஏரியில பாடு பிரிக்கறோமில்ல, அதுமாதிரி வண்டிக்கும் பிரிச்சிக்கலாம்யா."

எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் கைவைத்தவனுக்கு ஊரில் யாரும் நெருப்புக்கூடத் தர மாட்டார்கள்.

"தெக்குக் காத்து அடிக்கிற வரைக்கும் என் பாடு. நான் சொல்ற எடத்துக்கு ஓட்டணும். வாடை வந்துட்டா உன் பாடு. நீ எங்க வேணும்னாலும் போ, நான் கேக்க மாட்டேன்."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். தெற்குக் காற்று இன்னும் மூன்று மாதம்தான். வாடை ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் வடக்கேயிருந்து வீசும். அப்போது முகத்துவாரம் போக எதிர்காற்று, தகடு ஜில்லென்று இருக்கும். போதாததற்கு அப்போதுதான் பூநாரைகளும் வரும். இவள் ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். சோற்றில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

"அப்ப வர வெள்ளிக்கெழம காட்டுப்பள்ளி," என்றாள். "பன்னெண்டு வருஷமா காத்து சரியில்லன்னு சொன்னே. இப்போ சரியாத்தான் கீது."

ஆடி, ஆவணி, புரட்டாசி. வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் எதிர்காற்றில் காட்டுப்பள்ளி போனோம். பின்னால் வலைக்கயிற்றால் ஒரு பலகை கட்டி அவள் உட்கார்ந்துகொண்டாள். திரும்பும்போது பின்காற்று என்பதால் ராத்திரி மாமியார் வீட்டிலேயே தங்கி, விடியலில் கரைக்காற்று குறுக்கே வீசும்போது கிளம்புவோம். நாகம்மாள் நெத்திலிப் பொடியும் அறிவுரையும் பரிமாறுவாள். நான் தலையாட்டிக்கொண்டே கண்ணை மூடினால், தண்ணீர் மேல் தண்ணீர் மடிகிற அந்த இடம் தெரியும். பொன் நிறத்தில், ஆள் இல்லாமல். தெற்குக் காற்று ஒரு சுற்று குறைந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசி பிறந்தது. கடைசித் தெற்குக் காற்று வீசிய வெள்ளிக்கிழமை தேவகி வரவில்லை. "அம்மாவை ஒரு தடவ இட்டுக்கினு வந்துடு. நாலு நாள் இருந்துட்டுப் போவட்டும்," என்றாள். போனால் போகிறது, இதோடு அவள் பாடு முடிகிறது என்று இட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் வாடை பிடித்தது. நான் வாசலில் நின்று விரலை நனைத்துப் பார்த்தேன். வடக்கு. சுத்த வடக்கு.

"தேவகி, வாடை வந்துட்ச்சு. அத்தையை எப்போ கொண்டுபோயி விடலாம்?"

"எப்பிடிய்யா? காட்டுப்பள்ளிக்கு இப்போ பின்காத்து. வழியெல்லாம் நின்னு நின்னு போவும். மழையில அம்மா மணல்லயா உக்காருவாங்க?"

"வெடியக்காலைல..."

"வாடை ராத்திரி பகல் பாக்காதுன்னு நீதானே சொல்லுவே?"

"அப்ப படகுல போறேன். வாடைக்குப் பாயை விரிச்சா ரெண்டு மணி நேரத்துல..."

அவள் வண்டி மேல் கிடந்த போர்வையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பாயை நாலு துண்டாக வெட்டி, மூலைக்கு மூலை கயிறு வைத்து, நானே தைத்தது.

"காத்து சரியில்லய்யா," என்றாள். "தை பொறக்கட்டும்."

சரி, இருக்கட்டும். நாகம்மாள் வீட்டோடு இருக்கட்டும், வண்டி என்னுடையது. அன்று சாயங்காலம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போர்வையை எடுத்தேன். பின்பலகையில் மெத்தை போட்டு, முக்காடு இட்டு, வெற்றிலைப் பையோடு நாகம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"தேவகி, இது என் பாடு."

"உன் பாடுதான்யா. எங்க வேணும்னாலும் ஓட்டு. பின்னால யாரு உக்கார்றதுன்னு நாம பிரிக்கலயே. பாவம், அம்மா முகத்துவாரமே பாத்ததில்ல."

ஓட்டினேன். வாடை முகத்தில் அடித்தது, துண்டு படபடத்தது. தோப்பைத் தாண்டினேன், வண்டி நிற்கவில்லை. நின்றால் தேவலை என்று முதல் தடவையாக நினைத்தேன். முகத்துவாரம் வந்தது. நான் நினைத்தபடியே இருந்தது. பொன் நிறத் தண்ணீர் கடல் தண்ணீரோடு மெல்ல மடிந்துகொண்டிருந்தது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் தூங்கின. மணலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பக்கத்தில் நாகம்மாளும் உட்கார்ந்து முழங்காலைத் தடவியபடி காலை நீட்டினாள்.

"நல்ல எடம் மாப்ளே. காலு வலியே தெரியல. தெனமும் இட்டுக்கினு வா."

"தெனமும் எப்பிடி அத்தே? காத்து..."

"தை வரைக்கும் காத்து சரியாத்தான் இருக்குமாம் மாப்ளே, தேவகி சொல்லித்தான் அனுப்பிச்சா."