நல்ல எடம் இனிமேத்தான்!

பாட்டுக் கேட்கிறவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கேட்காதவர்களாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறதே, அடுத்தவனைப் பிடித்து உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கவைக்கிற கூட்டம், அவர்களைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வந்திருக்கிறேன். கிராமபோன் பெட்டி என்று ஒன்று வந்தாலும் வந்தது, இந்தக் கூட்டம் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டது. மதுரையில் நிறைய உண்டாம். போடிநாயக்கனூருக்கு ஒருவர்தான். ஐயா, அந்த ஒருவரே போதும்.

அவர் பெயர் ராஜாராம். மலைச் சரிவில் ஏலத்தோட்டம், ஊருக்குள் வீடு, வீட்டில் மொக்கம்மாள் என்று வாய்த்துடுக்கான மனைவி, கல்யாண வயதில் செல்லக்கிளி என்று ஒரே மகள். மனிதர் நன்றாகத்தான் இருந்தார். போடிக்கு ரயில் வந்த வருஷம், மலைமேலே டாப் ஸ்டேஷன் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, தன் கிராமபோன் பெட்டியையும் ஒரு கட்டுப் பிளேட்டுகளையும் இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். இவர்மேல் துரைக்கு என்ன பகையோ தெரியாது. பிளேட்டுகள் அத்தனையும் ஜாஸ். அமெரிக்காவில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு குழலை வாயில் வைத்துக்கொண்டு, துரைமாரும் துரைசானிகளும் கைகோத்து ஆடுவதற்காக ஊதித் தள்ளுகிற சங்கீதம்.

அந்தச் சங்கீதத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். நன்றாகத்தான் இருக்குமென்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை. ராஜாராம் வீட்டில் எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பெட்டியின் குழாய் என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டதில்லை.

அதெப்படி என்கிறீர்களா? தெருவில் போகிறவனை "மாப்ளே, வா, வெரசா வா" என்று கூப்பிட்டு, நாற்காலியில் அமர்த்தி, நாற்காலி சரியில்லை என்று நகர்த்தி, ஜன்னலைச் சாத்தி, மொக்கம்மாளைக் கூப்பிட்டு அடுக்களையில் பாத்திரம் உருட்டக்கூடாது என்று உத்தரவு போட்டு, அவளுடைய பட்டுச் சேலை முந்தானையாலேயே பிளேட்டைத் துடைத்து, ஊசி மாற்றி, சாவி கொடுத்து, முள்ளைக் கீழே இறக்கிவிட்டு, "பேசாமக் கேளு" என்பார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பிளேட்டு நிற்கிறவரை பேசுவது அவர்தான்.

"இந்தா ஊதுறான் பாரு, இவன் பொண்டாட்டி ஓடிப்போயிட்டா. அந்த ஏக்கத்துல ஊதுறான். தெரியுதா?"

தெரியும் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அடுத்த வாரம் போனால் அதே ஆளுக்கு அம்மா செத்திருப்பாள். பிளேட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் சிவப்பு வட்டத்தில் என்ன அச்சடித்திருக்கிறதென்றுகூட ராஜாராமுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஊதுகிறவர்களின் குடும்ப விவகாரம் முழுக்கத் தெரியும். இதெல்லாம் நடக்கும்போது அவர் கண் பிளேட்டில் இருக்காது. உங்கள் மூஞ்சியிலேயே இருக்கும். ஆட்டக்கூடாத இடத்தில் தலையை ஆட்டிவிட்டீர்களா, தொலைந்தீர்கள்! முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்துவிடுவார். நான் ஒரு தடவை தும்மிவிட்டு, அன்று விளக்கு வைத்தபிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தால் ஆள்காட்டி விரலை உயர்த்துவார். "பொறு மாப்ளே. நல்ல எடம் இனிமேத்தான் வருது!"

அந்தச் சிவப்பு வட்டப் பிளேட்டின் கடைசியில் அத்தனை குழல்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து முழங்குகிற ஓர் இடம் உண்டு. அதுதான் நல்ல இடம். அது வந்ததும் ராஜாராம் "கேட்டியா! கேட்டியா! கேட்டியா!" என்று கத்துவார். நமக்குக் கேட்பது அவருடைய தொண்டை மட்டும்தான்.

இந்த மனிதரின் கிறுக்கு இத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். மழைக்காலத்தில் மலைச்சாரல் காற்றுக்குப் பிளேட்டுகளில் பூசணம் பூத்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டு வைத்திருப்பான். இவர் ஏலக்காய்க்காரர். ஈரத்துக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பச்சைக்காய் வாட்டுகிற சூட்டறையில், கீழே விறகு எரிய, காய் பரப்பிய தட்டுகளுக்குப் பக்கத்திலேயே பிளேட்டுகளையும் வரிசையாக அடுக்கிவிட்டார். அவை அரக்கில் வார்த்தவை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல எங்கே விட்டார்?

பூசணம் போயிற்று. பிளேட்டுகள் ஓரம் நெளிந்து, அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக, கம்மென்று ஏலக்காய் மணத்தோடு வெளியே வந்தன. முள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்க, பாட்டும் ஏறி இறங்கித் தள்ளாடியது. பக்கத்துக் கிராமமான சிலமலையிலிருந்து வந்திருந்த மொக்கம்மாளின் அண்ணன் முனியசாமி, வயலும் வரப்புமாகக் கிடக்கிற மனுஷன், கேட்டுவிட்டு, "என்ன மச்சான், குடிச்சுப்புட்டு ஊதுறானா?" என்றார்.

"அட மச்சான், அதான் அசைவு! நம்ம வித்துவான் கமகம் கொடுக்கிறார்ல? இது அமெரிக்காக்காரன் கமகம்."

அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தத் தள்ளாட்டத்துக்குத் தலையாட்டக் கற்றுக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போதுதான் முனியசாமி மகன் சின்னமுத்துவுக்கும் செல்லக்கிளிக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அதைத் தவறவிட்டால் புரட்டாசி, அப்புறம் ஐப்பசி வரை காத்திருக்கவேண்டும். மேளத்துக்குச் சொல்ல வேண்டிய நாளில், ராஜாராம் மேளக்காரர் சோணையை வரச்சொல்லி, "சோணை, கல்யாணத்துக்கு நீ அவசியம் வா. மேளம் மட்டும் வேணாம்" என்றார்.

"மேளமில்லாம எப்பிடிண்ணே தாலி கட்டுறது?"

"தோலை அடிக்கிற காலம் போச்சுப்பா. என் பிளேட்டுல பதினஞ்சு பேரு ஊதுறான்."

"அம்புட்டுப் பேருக்கும் பந்தியில எலை போட வேணாம். அது ஒரு லாவந்தான்" என்று சொல்லிவிட்டுச் சோணை போய்விட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் ஒரு தும்மலோ ஓர் அவச்சொல்லோ காதில் விழுந்துவிடக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அதற்குப் பதிலாகச் சிவப்பு வட்டப் பிளேட்டின் அந்த நல்ல இடம். அது முழங்கும்போது மாப்பிள்ளை தாலி கட்டவேண்டும். இதுதான் ஏற்பாடு. முனியசாமி யோசித்துவிட்டு, "மேளமோ பிளேட்டோ, எனக்குச் சத்தம் வரணும் மச்சான். சத்தம் வராம எங்க வீட்டுல ஒருத்தனும் தாலி கட்டுனதில்ல. இவனும் கட்டமாட்டான்" என்று கண்டிப்பாகச் சொன்னார். செல்லக்கிளி அப்பாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கல்யாணத்துக்கென்று அந்தப் பிளேட்டுக்கு மட்டும் சூட்டறையில் கூடுதலாக ஒரு நாள் விசேஷ வைத்தியம் நடந்தது.

முகூர்த்தத்தன்று பந்தல் நிறைய ஜனம். சிலமலையே வந்திருந்தது. மணையில் பொண்ணும் மாப்பிள்ளையும். முகூர்த்த நேரம் பார்க்கிற சோசியர் தலையசைத்தார். ராஜாராம் பட்டுத் துண்டு கட்டிய மேஜைமேல் பெட்டியை வைத்து, பிளேட்டைத் துடைத்து, முள்ளை வைத்தார். பந்தல் முழுக்க ஏலக்காய் மணத்தது. பாயசம் தயார் என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

"எல்லாரும் பேசாமக் கேளுங்க! இப்ப ஊதுறானே, இவன் பொண்டாட்டி..."

"தாலியை எடுத்துக் குடுங்க" என்றார் சோசியர்.

சின்னமுத்து தாலியை இரண்டு கையாலும் செல்லக்கிளியின் கழுத்தருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ராஜாராம் விரலை உயர்த்தினார். "பொறுங்க மாப்ளே! நல்ல எடம் இனிமேத்தான்!"

குழல்கள் ஏறின, தள்ளாடின, இன்னும் ஏறின. இதோ வந்துவிட்டது என்று ராஜாராம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து முள், விசேஷ வைத்தியத்தில் புதிதாகக் கிளம்பியிருந்த மேட்டில் ஏறி, எகிறி, பின்னால் போய் விழுந்தது. பழைய இடத்திலிருந்தே மறுபடி ஏறினார்கள். மறுபடி எகிறியது. மறுபடி ஏறினார்கள். அமெரிக்காவில் பதினைந்து பேரும் மாடிப்படியின் கடைசிப் படியில் கால்வைப்பதும் வழுக்கிக் கீழே வருவதுமாக இருந்தார்கள்.

"வருது, வருது! யாரும் அசையாதீங்க!"

"நேரம் போகுதுங்க" என்றார் சோசியர்.

"மச்சான், சத்தம் எங்க மச்சான்?" என்றார் முனியசாமி.

"அய்யா, எனக்குக் கை கடுக்குது" என்றான் சின்னமுத்து, தன் அப்பாவிடம்.

ராஜாராம் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடுவதுபோலக் குனிந்து, பிளேட்டோடு சேர்ந்து தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கண்ணு, இந்த ஒரு தடவ... இந்த ஒரே தடவ..." அவர் கெஞ்சியது முள்ளை. மணையில் செல்லக்கிளியின் கண்ணிலிருந்து மை கரைந்து வழிந்தது. "அய்யா, போதும்யா" என்றாள். எங்களுக்கெல்லாம் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. சோசியர் கையை விரித்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

மொக்கம்மாள் ஒரு பார்வை புருஷனைப் பார்த்தாள், ஒரு பார்வை மகளைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். நாக்கைச் சுழற்றிப் போட்டாளே ஒரு குலவை! போடிப் பெண்கள் தொடர்ந்தார்கள், சிலமலைப் பெண்கள் அவர்களுக்குச் சளைக்காமல் பிடித்துக்கொண்டார்கள், பந்தல் கீற்றே அதிர்ந்தது. தும்மல் என்ன, இடி விழுந்திருந்தாலும் எவன் காதிலும் ஏறியிருக்காது. முனியசாமி, "சத்தம் வந்திருச்சு, கட்டுறா!" என்று வாயசைத்தார். சின்னமுத்து கட்டினான்.

அட்சதை போட முண்டிய கூட்டம் மேஜையில் இடித்தது. அந்த இடியில் முள் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. நல்ல இடம் வந்தேவிட்டது! பதினைந்து பேரும் முழங்கியிருப்பார்கள். குலவையில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ராஜாராம் ஒருவர் மட்டும் காதைக் குழாய்க்குள் கொடுத்துக் கடைசிவரை கேட்டு, "வந்துருச்சு! வந்துருச்சு! மாப்ளே, கட்டுங்க!" என்று விரலை உயர்த்தியபடி திரும்பினார்.

செல்லக்கிளியின் கழுத்தில் தாலி இருந்தது. மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப கட்டுனாங்க?" என்றார், விரலை இறக்காமலே.

"நல்ல எடம் இப்பத்தான் போச்சு" என்றாள் மொக்கம்மாள். "நீங்கதான் பாக்கல."

அந்த மனிதருக்கு ஒரே மகள். அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கைச் சிந்தினார். பிறகு, பந்தியில் பாயசம் வருவதற்குள், புது மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனார். "வாங்க மாப்ளே, சத்தத்துல நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போதே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இதைக் கேளேன்" என்று உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்தவர் யார்? அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், எழுந்திருக்கப் பார்த்ததும், "கொஞ்சம் பொறு, நல்ல இடம் இனிமேல்தான்" என்று தடுத்தவர் யார்? ராஜாராம் இல்லை, அவர் போடியில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். முதலில் அந்த விரலைக் கீழே இறக்குங்கள். பக்கத்தில் இருந்தவர் இதற்குள் எழுந்து போயிருப்பாரே, அவர் உங்களிடம் என்ன சொல்ல வந்தார் என்று போய்க் கேளுங்கள்.