ஏன் டீச்சரும் மீன் லாரி மாமாவும்

ஒரு முழுத் தமிழ்க் கல்யாண வீட்டையும் பதில் தெரியாமல் முழிக்கவைக்க இந்த உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அவர் தமிழர் இல்லை, மலேசியரும் இல்லை. டென்மார்க்கிலிருந்து ஈப்போவுக்கு வந்து, சிலிபின் பகுதியில் எங்கள் அம்மா வீட்டு மாடி அறையில் ஒரு வருஷம் குடியிருந்த ஏன் டீச்சர்தான் அவர்.

அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல முயன்றவர்களுக்கெல்லாம் தொண்டையில் முள் சிக்கியது போல இருமல் வந்ததால் தெருவே அதைக் கைவிட்டுவிட்டது. எங்கள் வட்டாரத்து டியூஷன் நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லித்தர வந்த தொண்டர். அறுபதைத் தாண்டிய வயது, ஆறடி உயரம், பஞ்சு போல வெள்ளை முடி. வந்த புதிதில் பிள்ளைகள் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். சில நூறு சொல் கற்றிருப்பார். அதில் அவர் மனதார நேசித்தது 'ஏன்' ஒன்றைத்தான்.

மாமாக் எனும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், பரோட்டா போன்ற ரொட்டி சானாய் போடும் அண்ணனிடம் போய் நின்று, "ஏன் ரொட்டிய அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அடிச்சாத்தான் சாஃப்ட்டா வரும் மேம்."

"ரொட்டி சொல்லிச்சா?"

அந்த அண்ணன் மாவைக் கையில் வைத்தபடி யோசித்ததில் நாலு மேசை ஆர்டர் நின்றுபோனது. அதற்குப் பிறகு டீச்சர் தலை தெரிந்தாலே, "மேமுக்குத் தே தாரேக் டீ மட்டும் கொடு, கிட்ட விடாதே" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

போன வருஷம் என் தங்கை ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. டீச்சருக்குத் திருவிழாதான். தமிழ்க் கல்யாணத்தை அவர் பார்த்ததே இல்லை. "நான் எல்லா வேலையும் செய்வேன் அக்கா" என்று அம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். அவர் என்ன வேலை செய்யப்போகிறார் என்பது அம்மாவுக்கு அப்போது தெரியாது.

பந்தக்கால் நடும் அன்று ஆரம்பித்தது. வாசலில் குழி தோண்டி, என் வீட்டுக்காரர் மூங்கிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். சின்னம்மா குழிக்குள் நவதானியம் போடப் போனார்.

"ஏன் ஒம்பது?"

"நவகிரகத்துக்கு" என்றார் சின்னம்மா.

"அய்யே, அதுக்கில்ல. வம்சம் பெருகணும்னு போடறது" என்றார் அத்தை.

"யார் சொன்னா? எங்க தோட்டத்துல குருவிக்குன்னுதான் சொல்வாங்க" என்றார் மூன்றாவது ஆள்.

மூவருக்கும் வாக்குவாதம் முற்றி, ஊரில் யார் வீட்டு வழக்கம் சரி, யார் வீட்டு வழக்கம் தப்பு என்று பழைய கதைக்கெல்லாம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் மூங்கிலைக் கட்டிப்பிடித்தபடி, "யாராச்சும் ஒரு முடிவு பண்ணுங்க லா, கை வலிக்குது" என்று கத்திய பிறகுதான் பந்தக்கால் நின்றது.

ஐயர் சடங்குகளைப் பேசவந்த நாளிலும் டீச்சர் விடவில்லை. கையில் காப்பியோடு அவர் எதிரிலேயே உட்கார்ந்தார்.

"பொண்ணு ஏன் அம்மி மிதிக்கணும்?"

"கல்லு மாதிரி உறுதியா இருக்கணும்னு சொல்றது மேடம்."

"மாப்பிள்ள ஏன் மிதிக்கல? அவர் உறுதியா இருக்க வேணாமா?"

ஐயர் காப்பியை ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "காப்பி நல்லா இருக்கும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மேடத்தை மேளத்துக்குப் பக்கத்துல உக்கார வையுங்க. அவங்க கேக்கறது எனக்குக் கேக்கக் கூடாது" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் நாள்கள் போயின, கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரை.

ரேவதிக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தோம். அறையில் ஏழெட்டுப் பெண்கள். நாளைக்கு யார் யார் என்னென்ன செய்வார்கள் என்று டீச்சருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு மாலை போட்டு, கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன் உரிமை என்றேன். அம்மாவோடு பிறந்தவர்தான் தாய்மாமன் என்றும் விளக்கினேன்.

"ஓ! உங்க தாய்மாமன் எங்க?"

அம்மா கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"வரமாட்டான்" என்றார்.

"ஏன்?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ரேவதி மருதாணிக் கையை விரித்தபடி குனிந்து அழ ஆரம்பித்தாள். "மாமா வரலன்னா நான் யாரு கையையும் பிடிச்சு வரமாட்டேன்க்கா. நானே நடந்து வாரேன்" என்றாள்.

டீச்சரை வெளியே அழைத்துப்போய் மாமாவின் கதையைச் சொன்னேன். பாகான் டத்தோ பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் அம்மாவும் மாமாவும். அப்பா இறந்த பிறகு எங்களுக்கு எல்லாமே மாமாதான் என்று இருந்தது. என் கல்யாணத்தன்று குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில், வழியை மறித்து நிற்கிறது என்று யாரோ ஹாரன் அடிக்க, மாமா தன் லாரியைத் தள்ளி நிறுத்தப் போனார். படக்காரர் அவசரப்பட்டுப் படத்தை எடுத்துவிட்டார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அம்மா கூடத்தில் மாட்டினார். மாமா வந்து பார்த்தார். "நான் இல்லாம குடும்பம் நெறைஞ்சிருச்சா?" என்று ஒரு கேள்வி. "லாரிதான் முக்கியம்னு போனது நீ" என்று அம்மாவிடமிருந்து ஒரு பதில். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் பேச்சில்லை.

"இப்ப கார்டு அனுப்பினீங்களா?"

"ஆள் மூலமா அனுப்பினோம். அது போதாது டீச்சர். நேர்ல போய் வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடணும். அம்மா போகமாட்டேன்னுட்டாங்க. எங்களையும் விடல. மாமா தினமும் விடியக்காலைல ஹுத்தான் மெலிந்தாங் மீன்பிடித் துறைலேர்ந்து மீன் ஏத்திக்கிட்டு ஈப்போ மார்க்கெட்டுக்குத்தான் வாரார். இங்கேர்ந்து பத்து நிமிஷம். இந்தப் பக்கம் திரும்பினதே இல்ல."

டீச்சர் எதுவும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று விடியுமுன் டீச்சருக்கு நானே பட்டுச்சேலை கட்டிவிட்டேன். அவர் உயரத்துக்குச் சேலை போதாமல் கணுக்கால் தெரிந்தது. ஒரு டப்பா ஊக்கு தீர்ந்தது. "இதுல ஏன் பை இல்ல?" என்று கேட்டு, கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் ரேவதியை அலங்கரிக்கப் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். மாடியில் இல்லை. வேனில் இல்லை. கல்யாணம் நடக்கும் கோயில் மண்டபத்திலும் இல்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.

அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினார். "வெள்ளக்காரப் புள்ளய நம்ம வீட்டுல வெச்சு தொலைச்சுட்டோமே! தூதரகத்துலேர்ந்து வந்து கேப்பாங்களே!" மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, ஆனால் கண் கூர்மை. "சம்பந்தி, பொண்ணுக்குத் தாய்மாமா எங்க?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்காரு" என்று நான் புளுகினேன். ஐயர் நிமிர்ந்து, "பொண்ண அழைச்சிட்டு வாங்க, நேரம் போகுது" என்றார். நானே நடந்து வருகிறேன் என்ற ரேவதி மணமகள் அறையைவிட்டு அசையவில்லை.

அப்போது கோயில் வாசலில் ஒரு ஹாரன் சத்தம். தொடர்ந்து ஒரு வாடை. பிறகுதான் லாரி உள்ளே வந்தது.

நீல நிற மீன் லாரி. ஐஸ் தண்ணீர் பின்னால் கோடு போட்டபடி வந்தது. முன் இருக்கையில் தேர் மேல் அம்மன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஏன் டீச்சர். பட்டுச்சேலை முழங்கால் வரை ஈரம். தலைப்பூவில் மீன் செதில். அவர் இறங்கி மறுபக்கம் போய்க் கதவைத் திறந்தார். ரப்பர் பூட்ஸும் அரைக்கால் சட்டையுமாக மாமா இறங்கினார். முடி நரைத்திருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மேளக்காரர்களே கையை நிறுத்திவிட்டார்கள். அம்மா படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

"லாரிய அந்தப் பக்கம் நிறுத்துடா" என்றார் அம்மா. "வாடை மணவறைக்கு வருது."

"சரிக்கா."

"குளிச்சிட்டு வா. சீக்கிரம்."

"வாரேன்க்கா."

ஒன்பது வருஷம் அதோடு முடிந்தது. அம்மா மூக்குத்தி நடுங்க ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் எனக்குத் தோளிலிருந்து அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. என் வீட்டுக்காரர் மாமாவைக் கோயில் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். லாரிக்குள்ளிருந்து புது வேட்டியும் சட்டையும் வந்தன. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த சின்னம்மா, சொம்பு முழுவதையும் மாமா தலையில் கவிழ்த்தார். முகூர்த்தம் தப்பவில்லை. மாமா ரேவதிக்கு மாலை போட்டு, கைபிடித்து அழைத்து வந்தார். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் கலந்து மையெல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது. ஐயர் அவசரமாக மந்திரத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளையின் அம்மா என் காதில், "அந்த வெள்ளக்கார அம்மா உங்க மாமாவோட சம்சாரமா?" என்று கேட்டார்.

மார்க்கெட்டில் நடந்ததை மாமாதான் பந்தியில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து சொன்னார்.

"இருட்டுல மீன் எறக்கிக்கிட்டு இருக்கேன். நிமிர்ந்து பாத்தா, பட்டுச்சேல கட்டின ஒரு வெள்ளக்காரி, ஒவ்வொரு லாரியா விசாரிச்சுக்கிட்டு வாராங்க. கையில சீனன் கடை நீலத் தட்டு, இறால் அள்ளி வைக்கிற தட்டு. அதுல வெத்தலை, பாக்கு, வாழைப்பழம். 'மாமா, ஏன் கல்யாணத்துக்கு வரல?'ன்னு கேக்குறாங்க. மார்க்கெட்டே பாக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் கூப்பிடலேன்னேன். 'நான் கூப்பிடுறேன், வாங்க'ன்னு தட்ட நீட்டிட்டாங்க. பாதி மீன் எறக்காம கெடக்கு, எப்படி வாரதுன்னேன். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு அவங்களே பெட்டிய எறக்க ஆரம்பிச்சுட்டாங்க லா! மீன் கடை மொதலாளி சீனன் தவுக்கே எல்லாம் கை தட்டுறான். அப்புறம் துணி இல்ல, எப்படி வாரதுன்னு சொன்னேன். அவங்க லாரிக்குள்ள எட்டிப் பாத்தாங்க."

மாமா நிறுத்திக்கொண்டு சாதத்தைப் பிசைந்தார்.

"சீட்டு மேல புது வேட்டி சட்ட இருந்திச்சு. ரேவதிக்கு வாங்கின சேலையும் இருந்திச்சு. 'இது ஏன்?'னு கேட்டாங்க."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, கேட்காதது போல வந்து, மாமா இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

டீச்சரின் சேலை அதற்குப் பிறகு எத்தனை முறை துவைத்தும் யாருக்கும் உதவவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மேளக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடிக்கிற விரலுக்கு ஏன் தொப்பி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவருடைய வருஷம் முடிந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போக அவரை ஈப்போ பேருந்து நிலையத்தில் ஏற்றிவிடப் போனோம். மாமாவும் வந்திருந்தார். ஒரு பெட்டி நிறையக் கருவாட்டைக் கொண்டுவந்து, விமானத்தில் விடமாட்டார்கள் என்று நாங்கள் எல்லாரும் சொன்ன பிறகும் அரை மனதாகத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார். அம்மா டீச்சரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு நேராகப் போய் டிரைவர் முன்னால் நின்று, அரைகுறை மலாயும் தமிழும் கலந்து சொன்னார்.

"பாங், பெலான்-பெலான், மெதுவா ஓட்டு லா. எங்க வீட்டுப் பொண்ணு இது. தனியாப் போறா."

அந்த மலாய்க்கார டிரைவர், தலை வெளுத்து ஆறடி நின்ற டீச்சரையும், அவர் தோளுக்குக்கூட எட்டாத அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பாய்க், மாக்", சரிம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, சின்னப் பெண்ணின் பையை வாங்குவது போல டீச்சரின் பையை வாங்கிக்கொண்டார்.