புலி நாயான பத்து நாட்கள்

கணக்கு வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'புலி' என்றுதான் சொல்வார்கள். அவர் தொண்டையைக் கனைத்தால் மூன்றாவது மாடிவரை பேச்சு நின்றுவிடும். அந்தப் புலிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். நாய். தெருமுனையில் ஒரு குட்டி நாய் கொட்டாவி விட்டால் போதும், மூன்று தெரு சுற்றிக்கொண்டு போவார்.

அவர் மனைவி, குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். ஒரு சனிக்கிழமை காலை வரைபலகையிலிருந்து நிமிர்ந்தாள்.

"ஏங்க, பதிப்பகத்து அம்மா புதுசா ஒரு புத்தகம் கொடுத்திருக்காங்க. பண்ணை நாய் ஒண்ணு, காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணுதுன்னு. ஆடு ஓட்டுறது, வாசல் காக்குறது, எல்லாம்."

"நல்லதுதானே. வரை."

"பார்த்து வரையணுமே. அதான் அவங்க பண்ணையிலேர்ந்து ஒரு நாயைக் கொண்டாந்து பத்து நாள் இங்க விட்டுக்கலாம்னு..."

புலியின் காப்பி மடியில் கொட்டியது. சுட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"எவ்வளவு பெரிய நாய்?"

"எழுந்து நின்னா உங்க தோள்ல கை போடுமாம்."

"போட்டோ பார்த்து வரையேன்!"

"போட்டோ சோம்பல் முறிக்குமா? தட்டுச் சத்தம் கேட்டதும் காதைத் தூக்குமா?"

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோபாவுக்கு அடியில் ஒரு வால் தெரிவது போலவே இருந்தது. குனிந்து பார்த்தால் துடைப்பம். சாயங்காலம் ஒரு யோசனை உதித்தது. உதித்தபோது அது நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது.

"நாய் எதுக்கு? நான் பண்ணிக் காட்டுறேன்."

"நீங்களா?" அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "வேண்டாங்க. நீங்க கௌரவம் பார்ப்பீங்க."

"எனக்கென்ன கௌரவம்!" என்று அந்த நிமிஷமே நாலு காலில் நின்றார். நாய் வரவில்லை, தப்பித்தோம், ஜெயித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

துள்ளல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் வேலை ஆரம்பிக்கும். துணிக்கூடைக்குள் சுருண்டு படுத்தார். கொட்டாவி விட்டார். ஏழு தலையணைகளை ஆடுகளாக வைத்துக் கூடம் முழுக்க முட்டித் தள்ளினார்.

"வரிசையில நில்லு!" என்று அதட்டினார்.

"அது வாத்தியார் குரல். நாய்க் குரல் குடுங்க."

மாணவன் எவனாவது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டால்? வெளியே ஒரு செருப்புச் சத்தம் கேட்டாலும் அப்படியே உறைந்துபோவார்.

"பிரமாதம்! அந்த முகத்தோட அசையாம இருங்க. நரி வர்ற பக்கத்துக்கு ஆகும்."

ஒன்பதாம் நாள் வாசல் காக்கிற படம். கதவுக்குப் பின்னால் நின்று, சுருதி சேர்ந்து குரைத்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது.

தபால்காரர். அவர் மகன் புலியின் வகுப்பில்தான் படிக்கிறான்.

புலி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"என்னம்மா, நாய் சத்தம்? கட்டியிருக்கீங்கல்ல?"

"கட்டினதுதாங்க. பத்து வருஷமாச்சு."

"கடிக்குமா?"

"சேச்சே. சத்தம் மட்டும்தான்."

கதவுக்குப் பின்னால் புலி பல்லைக் கடித்துக்கொண்டது. அதற்கு வேறு எதையும் கடிக்கும் நிலைமை இல்லை.

மூன்று மாதத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. பதிப்பகத்து அம்மா நேரிலேயே கொண்டுவந்தார். ஒரு கையில் புத்தகம். இன்னொரு கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய்.

புலி பாய்ந்து குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். "ஐயோ!" என்று ஓர் அலறல். தன்னுடையதுதானோ என்று வாயைத் தொட்டுப் பார்த்தார். இல்லை. மனைவி சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அடடா, மறந்தே போச்சும்மா!" என்றார் பதிப்பகத்து அம்மா. "பத்து நாள் அனுப்பட்டுமான்னு நான் கேட்டப்பவே, நாய்னா உயிரே போயிடும்னு கையெடுத்துக் கும்பிட்டீங்களே! இருங்க, கார்ல விட்டுட்டு வர்றேன்."

நாய் போனது. புலி பெட்டிக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தார்.

"அப்போ..." மேஜைமேல் நின்ற மனைவியை அண்ணாந்து பார்த்தார். "நாய் வர்றதாவே இல்லையா?"

"எனக்கு உங்களைவிடப் பயங்க. நான் எப்படி வரவிடுவேன்?"

"என் முட்டி தேஞ்சுதே!"

"பத்து நாளும் எவ்வளவு அழகா நடிச்சீங்க. நிறுத்தச் சொல்ல மனசே வரலை." மேஜையிலிருந்து அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். "அடுத்த புத்தகம் கழுதையாம். கழுதைன்னா எனக்குப் பயமே கிடையாது. ஆனா கொஞ்சம் உதைக்குமாம். கொண்டுவரச் சொல்லட்டுமா?"

வாத்தியார் பெருமூச்சு விட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கழுதைக்குக் காது எந்தப் பக்கம் சாயணும்?"