ஒப்பீட்டுத் தெரு

வறுமையை ஒழிக்க மனிதகுலம் இதுவரை எடுத்த முயற்சிகளில் மிக உன்னதமானது எங்கள் தெருவில்தான் நடந்தது. எதுவுமே செய்யாமல் நடந்தது என்பது அதன் தனிச்சிறப்பு.

கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமும் கைகோத்து, 'வளர்ச்சிக்கான ஆராய்ச்சித் திறன் கூட்டாண்மை' ஒன்றைத் தொடங்கியிருந்தன. எங்கள் தெருவில் அதற்கு முன்பே ஒரு கூட்டாண்மை இருந்தது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மண்ணுக்கடியில் பல வருடங்களாக நெருங்கிப் பழகிவந்தன. குழாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

நானும் அக்காவும் அங்கே ஒரே வீட்டில் இருந்தோம். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அக்கா முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருந்தாள். தெருவில் எல்லோருடைய அளவும் அவளுக்குத் தெரியும். நான் இடுப்பளவை மட்டும் வைத்துச் சொல்லவில்லை.

தொடக்க விழா பள்ளி மைதானத்தில் நடந்தது. வெளிநாட்டுப் பேராசிரியை பேசப் பேச, உள்ளூர் விரிவுரையாளர் ஒருவர் மொழிபெயர்த்தார். அவர் கையை விட்டு டேப்லெட் கணினி இறங்கியதே இல்லை. அதனால் அக்கா அவருக்குப் 'பலகைத் தம்பி' என்று பெயர் வைத்தாள்.

திட்டம் எளிமையானது. எங்கள் தெரு, பக்கத்துத் தெரு இரண்டில் ஒன்றுக்குக் குடிநீர் சுத்திகரிப்புத் தொட்டி வரும். மற்றது 'ஒப்பீட்டுத் தெரு'. அது இருந்தபடியே இருக்கும். பிறகு எங்கே நோய் குறைகிறது என்று பார்ப்பார்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று பேராசிரியை ஒரு காசைச் சுண்டினார்.

"என்னடா இது, கிரிக்கெட்டா?" என்றாள் அக்கா.

"உஷ். அறிவியல்க்கா."

தொட்டி பக்கத்துத் தெருவுக்குப் போனது.

"டாஸ் தோத்தவனுக்கு ஃபீல்டிங்காவது குடுப்பாங்க. நமக்கு அதுவும் இல்லையே!"

தொட்டி திறந்த மறுநாளே அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாள். பலகைத் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்து வழிமறித்தார்.

"அக்கா, தயவுசெஞ்சு அங்க பிடிக்காதீங்க. நீங்க ஒப்பீட்டுத் தெரு. அந்தத் தண்ணிய நீங்க குடிச்சா எங்க தரவு கெட்டுப்போயிரும்."

"தண்ணி கெட்டுப்போனா பரவாயில்லையா தம்பி?"

"தண்ணி கெட்டுப்போனாத்தாங்க்கா ஒப்பிட முடியும்."

இவ்வளவு தெளிவாக எங்கள் தெருவில் யாரும் அதுவரை பேசியதில்லை. அக்கா வெறுங்குடத்தோடு திரும்பினாள். என்ன இருந்தாலும் பையன் நல்ல பையன் என்றாள். திறன் வளர்த்துக்கொள்ள அவர் வெளிநாடு போனபோது, வெளியூரில் இருக்கும் எங்கள் அண்ணனுடைய பழைய கோட்டை அவர் உடம்புக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு பெரிய ஆபத்து ஒன்று வந்தது. நகராட்சியிலிருந்து ஒரு பிளம்பர் கடப்பாரையோடு வந்து தெருமுனையைத் தோண்டத் தொடங்கினார். குழாயைச் சரிசெய்யப் போகிறாராம். வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த பலகைத் தம்பி ஆராய்ச்சியைக் காப்பாற்றினார்.

"நிறுத்துங்க! ஆய்வு முடியறவரைக்கும் இந்தத் தெருவுல எதுவும் மாறக்கூடாது. உங்க ஆபீஸ்ல பேசியாச்சு."

"சாக்கடை உள்ள போகுது சார்."

"தெரியும். அதத்தான் அளந்துக்கிட்டிருக்கோம்."

பிளம்பர் எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எனக்கென்ன, மூடுன்னா மூடறேன்," என்று மண்ணைத் தள்ளினார்.

அக்கா வாசலுக்கு வந்து, வாயில் கடித்திருந்த நூலைத் துப்பினாள். "ஏன் தம்பி, நாங்க இப்படியே இருந்தாத்தான் உங்களுக்கு வறுமை ஒழியுமா?"

அவர் சிரித்தார். கேள்வி நன்றாக இருக்கிறது என்று பலகையில் குறித்துக்கொண்டார்.

மழை வந்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேஸ் இருந்த நாட்களில் காய்ச்சினோம். அக்கா படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பலகைத் தம்பி வந்தார். அன்று தெருவில் கணக்கெடுக்கும் நாள். கட்டில் ஓரத்தில் தயங்கி நின்று, "மன்னிச்சுக்குங்கக்கா, கேட்டே ஆகணும். போன வாரம் வயித்துப்போக்கு இருந்துச்சா?" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "ஆமான்னு போட்டுக்கோப்பா. கட்டத்துல எடம் இருந்தா ரெண்டு தடவ போட்டுக்கோ."

அதற்குப் பிறகு அவள் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

கூட்டாண்மையின் நிறைவுக் கருத்தரங்குக்கு என்னைச் 'சமூகப் பிரதிநிதி'யாக அழைத்தார்கள். குளிரூட்டிய மண்டபம். பலகைத் தம்பி அதே கோட்டில் இருந்தார். திறன் வளர்ந்ததில் அது இறுக்கமாகியிருந்தது. அக்கா போட்ட பொத்தான் மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. திரையில் இரண்டு தூண்கள் தெரிந்தன. குட்டையானது பக்கத்துத் தெருவின் நோய். நெட்டையானது எங்களுடையது. இறந்தவர்களையும் சேர்த்துத்தான் அந்த உயரம் என்றார்கள். அதில் அக்கா எந்த இடத்தில் இருக்கிறாள் என்று கீழிருந்து மேல்வரை தேடினேன்.

சுத்தமான தண்ணீர் குடித்தால் நோய் குறையும் என்று இரண்டு நாடுகளும் சேர்ந்து நிரூபித்திருந்தன. மண்டபமே எழுந்து கைதட்டியது.

"இந்த ரெண்டு தூணுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி இல்லன்னா எங்களால எதையும் சொல்லியிருக்க முடியாது," என்று பேராசிரியை சொன்னதைப் பலகைத் தம்பி எனக்கு மொழிபெயர்த்தார். "உங்க தெருவுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்காங்க சார்."

"இனிமே குழாய மாத்திருவாங்கல்ல?"

"அதுதான் சார் ரெண்டாம் கட்டம். இந்த முடிவ வச்சுக் குழாய மாத்தறாங்களா, மாத்தலையான்னு ஆராயப் போறோம். அதுல நாங்க தலையிடக் கூடாது."

என்னைப் பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கி முன்னால் நின்றேன். வணக்கம் சொல்வதற்குள் இருமல் வந்தது. பேராசிரியை நல்ல மனுஷி. பதறி எழுந்து, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திருகித் திறந்து என்னிடம் நீட்டினார்.

"குடிங்க சார்," என்றார் பலகைத் தம்பி.

"வேண்டாம் தம்பி," என்றேன். "நான் ஒப்பீட்டுத் தெரு. உங்க தரவு கெட்டுப்போயிரும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், மொழிபெயர்ப்புக்காக.