பொங்கோல் வீட்டுத் தோரணம்

பொய் சொல்கிறவர்கள் முகவரியையாவது மாற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அறிவு இல்லை. சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பூக்கடைக்கு மேல் மாடியில், சாமி பாட்டு கற்றுக்கொள்கிறேன் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தேன். லிட்டில் இந்தியா உண்மை. பூக்கடை உண்மை. மாடியும் உண்மை. ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்டது பெல்லி டான்ஸ்.

(சிரிக்காதீர்கள். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது. யோகா வகுப்பில் தூங்கிவிட்டேன்.)

ஆசிரியை லீனா, சீனப் பெண். வரிசை வரிசையாகத் தகரக் காசு தைத்த ஊதாத் துணியை இடுப்பில் கட்டிவிடுவார். தோள் அசையக் கூடாது, இடுப்பு மட்டும் நடுங்க வேண்டும், காசு சத்தம் போட வேண்டும். எனக்கோ தோள், கழுத்து, கன்னம் எல்லாம் ஆடும். இடுப்பு மட்டும் ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக் மாதிரி நிற்கும். “சுமதி, ஹிப் லா, ஹிப்! நாட் ஷோல்டர்!” என்று மூன்று மாதம் கத்தினார். காசு ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, என் நாத்தனார் வசந்தி பொங்கோலில் வாங்கிய புது வீட்டில் மதிய விருந்து. வகுப்பு முடிந்ததும் அங்கேயே பட்டுப்புடவைக்கு மாறிப் போவதாகத் திட்டம். மாறப் போகும்போது கைப்பேசி அலறியது. மாமியார்தான்.

“பூ வாங்க வந்தேம்மா. உன் கிளாஸ் கீழதான் நிக்கிறேன். டாக்சி வந்துக்கிட்டே இருக்கு. மேல வந்து உன் டீச்சருக்கு ஒரு வணக்கம் சொல்லட்டா?”

“வேணாம் அத்தை! நானே வந்துட்டேன்!”

வர முடியவில்லை. வியர்வையில் இடுப்புத் துணியின் முடிச்சு இறுகிவிட்டது. நான் இழுத்தேன். லீனா இழுத்தார். பல்லாலும் கடித்துப் பார்த்தார். (எந்தக் குருவும் எந்தச் சிஷ்யைக்கும் இதைச் செய்திருக்க மாட்டார்.) படிக்கட்டில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. துணிக்கு மேலேயே பாவாடையைக் கட்டி, புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடி, பாதிப் படியில் அவரை மடக்கினேன்.

டாக்சியில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். சிங்கப்பூர்ச் சாலைகள் வாழ்க, ஒரு குலுக்கல் இல்லை. கடைசியில் வசந்தி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் மூன்று வேகத்தடை. ஜல். ஜல். ஜல்.

“என்னம்மா சத்தம்?”

“வளையல் அத்தை.” கையில் இருந்தது ஒரே ஒரு வளையல்.

வீடு நிறைய ஆட்கள். நடுக்கூடத்தில் வசந்தியின் மாமியார் உட்கார்ந்திருந்தார். எங்கள் அத்தைக்கும் அவருக்கும் யார் மருமகள் உசத்தி என்பதில் பல வருடப் போட்டி. என்னைப் பார்த்ததும், “உங்க மருமக சாமி பாட்டு கத்துக்கிறான்னு மூணு மாசமா சொல்றீங்களே சம்பந்தி, ஒண்ணு பாடச் சொல்லுங்க, கேப்போம்” என்றார்.

அத்தை பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டால் இத்தனை பேர் முன்னால் தலை குனியப்போவது அவர். வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயார். அவர் தலை குனிவதைப் பார்க்கத் தயாராக இல்லை.

எழுந்தேன். ஜல்.

தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளையார் பாட்டு ஒன்று, இரண்டே வரி ஞாபகம். அதையே திருப்பித் திருப்பிப் பாடினேன். பயத்தில் தோள் கல்லாகிவிட்டது. முழங்கால் நடுங்கியது. நடுக்கம் மெல்ல மேலே ஏறியது. ஜல் ஜல் ஜல் ஜல்! மூன்று மாதம் வராதது அன்று வந்தது. லீனா பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

“அட, தாளமும் வருதே!” என்றார் சம்பந்தியம்மா.

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஊதாத் துணி வழுக்கிக்கொண்டு இறங்கி, புடவைக்கு அடியில் என் பாதத்தின் மேல் ‘சலங்’ என்று விழுந்தது.

அத்தை குனிந்து எடுத்தார். துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“வசந்தி, ஸ்டூல் எடு” என்றார் அத்தை. “நிலைவாசலுக்குத் தோரணம். கீழ வைக்கக் கூடாதுல்ல, அதான் பாவம், இடுப்புலயே கட்டிக்கிட்டு வந்திருக்கா. எங்க பக்கத்து வழக்கம்.”

“இதெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்குறா!” என்று சம்பந்தியம்மா அசந்துபோனார்.

திரும்பும்போது டாக்சியில் எல்லாவற்றையும் கொட்டினேன், லீனாவின் கூச்சல் உட்பட. அத்தை கசங்கிய என் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தார். பிறகு, “நீ பாடுறதுக்கு அது எவ்வளவோ தேவல” என்றார்.

தோரணம் இன்னும் பொங்கோல் வாசலில்தான் தொங்குகிறது. லீனாவுக்கு வேறு துணி வாங்கிக் கொடுத்துவிட்டேன். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் கிளமெண்டியில் சம்பந்தியம்மாவின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். மின்தூக்கி திறந்தது. சம்பந்தியம்மா பயபக்தியோடு இறங்கி வந்தார். அவர் இடுப்பில் ஒரு புதுத் தோரணம், முழுக்க வெண்கல மணிகள்.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தை முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் காதருகே குனிந்தார்.

“தோள் ஆடுது பாரு” என்றார். “ஹிப் லா, ஹிப்.”